தோட்டம் மாமனுக்கு, அப்புச்சி எனக்கு

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்து பொங்கல் விழாவுக்குக் கூடியிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'தாத்தாவை நம்மிடம் தங்க வைப்பது அவர் விட்டுப்போன தோட்டமா, பழக்கிவிட்ட பழக்கமா?' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பழக்கம்தான் என்று பேச வந்தவள் நான். தோட்டத்தை விற்றவன் தாத்தாவையே விற்றவன் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் கைதட்டினேன், நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஐயா, அந்தப் பேச்சில் ஊரில் பாதிப் பேரை விட்டுவிட்டார். பெண்களைச் சொல்கிறேன்.

நான் மகள் வயிற்றுப் பேத்தி. வேலந்தாவளம் பக்கத்தில் இருக்கும் என் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, தோட்டத்தில் எனக்கு ஒரு சென்ட் கிடையாது. அப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? ஒரு பட்டுச் சேலைக்கும் அண்ணன்மார் முகத்துக்கும் என் அம்மா பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இங்கே எத்தனை அம்மாக்கள் தலையாட்டுகிறார்கள் என்று நடுவர் பார்த்துக்கொள்ளட்டும். எதிரணிக் கணக்குப்படி அப்புச்சி என் மாமன்மாருக்கு மட்டும்தான் சொந்தம். பத்திர ஆபீஸில் பாகம் பிரிக்கிற சாமானா ஐயா தாத்தா?

அந்தத் தோட்டமும் ஒன்றும் சினிமாத் தோட்டம் இல்லை. மழை மறைவுப் பூமி. மேற்கே கொட்டுகிற மழை, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி நம் வடகரப்பதி, எருத்தேம்பதிக்கு வருவதற்குள் வெறும் காற்றாகிவிடும். வேட்டியைத் தூக்குமே தவிர நிலத்தை நனைக்காது. கொச்சி சமஸ்தானம், திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பருக்குப் பிறகு கேரளம் என்று மேலே பெயர் மாறிக்கொண்டே இருந்தது. கீழே அதே நிலக்கடலைதான், அதே கிணறுதான்.

அந்தக் கிணற்றில் அப்புச்சி கவலை ஓட்டியவர், அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்தவர். மாடு பின்னால் போனால் தண்ணீர் மொள்ளும் சால் உள்ளே இறங்கும், முன்னால் போனால் தண்ணீர் மேலே வரும். வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு மாட்டோடு பேசிக்கொண்டே வருவாராம். மோட்டார் வந்த பிறகுதான் நான் பிறந்தேன். ஆனாலும் ஒரு சால் தண்ணீருக்கு மாடு எவ்வளவு மூச்சு வாங்கும் என்று கண்ட மனுஷனுக்கு அந்தப் புத்தி போகவில்லை. மடை உடைந்து தண்ணீர் வீணாக ஓடினால் தட்டில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடுவார். நாங்கள் கை கழுவுவதுகூட வாழை மூட்டில்தான். "கண்ணு, தண்ணி மாட்டோட ரத்தம்" என்பார். இன்று கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் போகிறது. குழாயை மூடாமல் பல் தேய்க்கிற என் மகனை நான் அதட்டினால், குரல் என்னுடையது, அதட்டல் அவருடையது.

அப்புறம் பொள்ளாச்சிச் சந்தை. துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிற இடம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. அங்கே போய் அப்புச்சி, விரலை நீட்டும் முன்னாலேயே மாட்டின் குறையைச் சொல்லிவிடுவார். "இடத்து மாடு கொஞ்சம் முரடு, உச்சி வெயிலுக்குப் படுத்துக்கும்." தரகர் தலையில் அடித்துக்கொள்வார். இந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய ஸ்கூட்டரை விற்றபோது, கேட்க வந்தவரிடம் பிரேக் சரியில்லை என்று நானே சொல்லி இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அப்புச்சியைத் திட்டுகிறார். கண்ணால் பார்த்தே இராத மனுஷனைத் திட்டுகிறார் ஐயா! அப்படியென்றால் அவர் எங்கள் வீட்டில்தானே இருக்கிறார்?

சரி, அவர் வைத்த தென்னை இன்னும் நிற்கிறதே என்று எதிரணியில் ஒரு தம்பி கேட்டார். மரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததே, அது யார் தாத்தா வைத்த மரம் என்று கேட்டுவிட்டா ஓலையில் உட்கார்ந்தது? எங்கள் தோட்டம் விற்கப்படவில்லை, இன்னும் மாமன் பேரில்தான் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு போர்வெல் போட்டாயிற்று. கவலை ஓட்டிய கிணற்றில் இப்போது பிளாஸ்டிக் பையும் உடைந்த பைப்பும் கிடக்கின்றன. மாமன் நல்லவர்தான், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தோட்டம் கையில் இருந்தாலே தாத்தா இருப்பார் என்ற எதிரணி வாதம் அந்தக் கிணற்றில்தான் விழுந்து கிடக்கிறது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. உங்கள் தாத்தா தோட்டத்தின் சர்வே நம்பரைப் பத்திரம் பார்க்காமல் சொல்லுங்கள். முடியாவிட்டால், அவர் உங்களை என்ன சொல்லித் திட்டுவார் என்றாவது சொல்லுங்கள். இரண்டில் எது முதலில் வாய்க்கு வருகிறதோ, அதை வைத்து நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.