‘நான் நானாக இல்லை’: ஒரு மாணவரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி மாணவருடையது. அப்படியே வாசிக்கிறேன். “மூன்று மாதமாகக் கண்ணாடியில் என் முகம் யாருடையதோ போல இருக்கிறது. பேசுவது நான்தான், ஆனால் குரல் எங்கிருந்தோ கேட்கிறது. அம்மாவைப் பார்த்தால்கூட மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை. ‘நான்’ அழிவதுதான் ஞானம் என்கிறான் நண்பன். எனக்கோ பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.”

தம்பி, முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது பைத்தியத்தின் அறிகுறி இல்லை. ‘யாருடையதோ போல’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் ‘போல’தான் முக்கியம். மனச்சிதைவு வந்தவரிடம் பெரும்பாலும் அந்தப் ‘போல’ இருக்காது. கண்ணாடியில் நிற்பது வேறு ஆள்தான் என்று அடித்துச் சொல்வார். உங்களுக்கு அது உங்கள் முகம் என்று தெரிகிறது. தெரிந்தும் மனதில் ஒட்டவில்லை. வேதனையே அதில்தான்.

தனக்குத் தானே அந்நியமாகத் தெரியும் இந்த நிலையை டீபெர்சனலைசேஷன் என்கிறோம். ஜெனீவாவில் அமியெல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். எல்லாவற்றையும் கல்லறைக்கு அப்பாலிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது என்று 1880இல் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் எழுதியதிலிருந்துதான் டுகாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1898இல் இந்தச் சொல்லை எடுத்து இந்த நிலைக்குப் பெயராக வைத்தார். ஆக, இது உங்களுக்கு மட்டும் புதிதாக வந்ததில்லை. தூக்கம் கெட்டாலோ, கடும் பதற்றம் வந்தாலோ, கஞ்சா புகைத்தாலோ கொஞ்ச நேரத்துக்கு இப்படி ஆவது பலருக்கும் உண்டு. விபத்தில் தப்பியவர்கள்கூட “யாருக்கோ நடப்பதுபோல இருந்தது” என்பார்கள். தாங்க முடியாத நேரத்தில் மூளை உணர்ச்சியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. சிலருக்கு ஆபத்து போன பிறகும் அது பழையபடி திரும்புவதில்லை.

சம்மணமிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. தொட்டால் யார் காலையோ தொடுவதுபோல இருக்கும். கால் எங்கும் போய்விடவில்லை. உங்கள் பாசமும் அப்படித்தான் மரத்திருக்கிறது.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். 1896இல் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், 16 வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. பிணம்போலப் படுத்து, ‘உடல் செத்தால் நான் சாவேனா’ என்று உள்ளே பார்த்தார். பிறகு ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். அவர் சொன்னபடி, அந்த நேரத்தில் ‘நான்’ என்ற உணர்வு மங்கவில்லை, முழு பலத்தோடு தெரிந்தது. மரண பயமும் அத்தோடு போனது. உங்களுக்கு ‘நான்’ மங்குகிறது, பயம் கூடுகிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தியானம் செய்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். சிலருக்கு அதிலேயே இது கூடுவதுண்டு.

என்னிடம் வந்த ஒரு பையன் பேசிக்கொண்டே கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். “உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன் சார்” என்றான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் கேமராவில் முகத்தையும் பார்ப்பான். இந்தச் சோதனைதான் இதை வளர்க்கிறது. பார்க்கப் பார்க்க எந்த முகமும் அந்நியமாகத்தான் தெரியும். நான் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: கண்ணாடியில் தலை வாரு, ஆராயாதே. இரவு நேரத்துக்குத் தூங்கு. அந்த அந்நிய உணர்வு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல் கையில் இருக்கும் வேலையைத் தொடர்.

மூன்று மாதமாக இருப்பதால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதற்கென்றே தனி மாத்திரை இல்லை. ஆனால் பின்னால் இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உதவும். சில வகை வலிப்பு நோயிலும் இப்படி வரும் என்பதால், இடையில் நினைவு தப்பினால் அதையும் சொல்லுங்கள். உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் அம்மா. “பாசம் வரவில்லை” என்று சொல்லாதீர்கள், பாவம், அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். “மனசு மரத்துப்போன மாதிரி இருக்கும்மா, டாக்டர்கிட்ட கூட வா” என்று சொல்லுங்கள்.