பந்தை விடுங்க, காலைப் பாருங்க: மார்ச் மாதக் கூடைப்பந்தும் திருகோணமலைச் சிமெந்துத் தரையும்

[திரையில்: வளையத்துக்குக் கீழே நிற்கிற கால்கள் மட்டும். பந்து தெரியாது.]

இந்தக் கால்களைப் பாருங்க. பந்து எங்கே என்று தேடாதீங்க. ஒரு கால் மேலே போகுது. அது எழும்பின இடத்திலேயே இன்னொருவரின்ட சப்பாத்து வந்து நிக்குது. மேலே போனவர் அதுக்கு மேல இறங்குறார். அவ்வளவுதான், கிழமைக்கணக்கில் ஆட்டம் இல்லை. கூடைப்பந்தில் ஆக அதிகமா வாற காயம் இதுதான், கணுக்கால் பிரளுறது.

வணக்கம் உறவுகளே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் நடக்கிற மார்ச் மாதம் இது. எங்கட மைதானங்களிலயும் பந்து தட்டுற சத்தம் கூடுற காலம். அந்தத் தொடரை எப்படி ரசிச்சுப் பார்க்கிறது, அதைப் பார்த்திட்டு விளையாடப் போற எங்கட பிள்ளைகள் எப்படி முழுசா வீடு வாறது, ரெண்டையும் கதைப்போம்.

முதல்ல ஒரு சொல் விளக்கம். எங்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முகா இந்து மகளிர் கல்லூரி என்று சொல்லித்தானே பழக்கம். அங்கே அந்தச் சொல்லுக்குப் பல்கலைக்கழகம் என்று அர்த்தம். 1939ல் 8 அணியோட தொடங்கின தொடர், 1985ல் 64 ஆகி, 2011ல் 68 ஆச்சு. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வரலாறு இவ்வளவு போதும், ருசியான இடத்துக்கு வருவோம்.

[திரையில்: சதுரங்கப் பலகை, முதல் கட்டத்தில் ஒரு அரிசி மணி]

தொடர் தொடங்க முதல், முழு அட்டவணையையும் கையில் வச்சு, யார் யாரை வெல்லுவார் என்று எழுதுற பழக்கம் அங்க இருக்கு. 68ஐ 64 ஆக்கிற முன்சுற்றை விட்டுப் பார்த்தால் 63 ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் ரெண்டே முடிவு. அப்படியென்றால் மொத்தம் எத்தனை விதமா எழுதலாம்? 2ஐ 63 தடவை பெருக்கவேணும்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்ததுக்கு நாலு என்று அரசனிட்டக் கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைசி 64ஆவது கட்டத்தில் வாற அரிசி எண்ணிக்கைதான் இது. கிட்டத்தட்ட இல்லை, ஒரு மணிகூடப் பிசகாமல் அதே எண்! சுமார் 92,233 கோடி கோடி. ஒரு கிராமுக்கு 50 மணி என்று வச்சால் 18,400 கோடி தொன் அரிசி. உலகம் முழுக்க இப்ப விளையிற அரிசியைச் சேர்த்தாலும் 300 வருஷத்துக்கு மேல எடுக்கும். பலமான அணி வெல்லுறதுக்கு வாய்ப்புக் கூட என்கிறதால உண்மையான கணக்கு இவ்வளவு மோசமில்லை. என்றாலும் 2019ல் ஒருவர் முதல் 49 ஆட்டத்தையும் சரியாச் சொன்னதுதான் பதிவான உச்சம். அவருக்கும் 50ஆவது பிழைச்சுது.

எப்படிப் பிழைக்கும் என்று கேட்டால் 2018ஐப் பாருங்க. 64 அணியையும் நாலு பிரிவாப் பிரிச்சு, ஒவ்வொன்றிலயும் பலத்தைப் பார்த்து 1 முதல் 16 வரை தரம் போடுவாங்க. முதல் சுற்றில் 1ஆம் தரம் 16ஆம் தரத்தோட மோதும். அதுவரை 135 தடவை மோதி 135 தடவையும் 1ஆம் தரம்தான் வென்றிருந்தது. அந்த வருஷம் வேர்ஜீனியாவை யூ.எம்.பி.சி. என்கிற சின்ன அணி 74க்கு 54 என்று தோற்கடிச்சுது. தட்டுத்தடுமாறி இல்லை, 20 புள்ளி வித்தியாசத்தில!

பார்க்கிற நேரம்: அங்கத்தைய கிழக்குப் பக்க நேரத்தைவிட நாங்கள் தொடர் நடக்கிற நாட்களில ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு. முதல் சுற்று மத்தியானம் 12:15க்குத் தொடங்கினால் திருகோணமலையில் இரவு 9:45. இறுதி ஆட்டம் திங்கள் இரவு 9 மணியை ஒட்டி வரும், எங்களுக்குச் செவ்வாய் விடிய ஆறரை. முழு இரவும் முழிச்சிருந்திட்டு அடுத்த நாள் போட்டிக்கு இறங்காதீங்க. நித்திரை இல்லாத உடம்பு காலை வைக்கிற இடத்தைப் பிந்தித்தான் கணிக்கும்.

[திரையில்: கணுக்கால், மிகக் கிட்டத்தில்]

இப்ப சப்பாத்தைக் கழட்டுங்க. உங்கட கணுக்காலின் ரெண்டு பக்க மொளியையும் விரலால தொடுங்க. வெளிப்பக்க மொளி உள்பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். அதனால பாதம் வெளிப்பக்கம் சரிய அந்த எலும்பு விடாது. உள்பக்கம் மடங்கிறதுக்கு அப்படித் தடை இல்லை. பத்தில் ஒன்பது தடவை கால் உள்பக்கமா மடியிறது இதாலதான்.

இன்னும் ஒன்று இருக்கு. ரெண்டு மொளிக்கும் நடுவில் இருக்கிற எலும்பு ஆப்பு மாதிரி, முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். பாதம் தரையில் முழுசாப் பதிஞ்சிருக்கேக்க அகலமான பக்கம் உள்ள இறுகி நிக்கும். நீங்கள் துள்ளினதும் விரல்நுனி கீழ் நோக்கும், ஒடுக்கமான பக்கம் உள்ள வரும், மூட்டு லேசாத் தளரும். அந்தரத்தில் நிக்கிற காலுக்கு எலும்பின் துணை குறைவு, எலும்பை எலும்போட கட்டி வைக்கிற வெளிப்பக்க நார்கள்தான் காவல். அந்த நேரம் பார்த்துத்தான் மற்றவரின் சப்பாத்து கீழே வருது.

அதனால ஒரு விதியைத் தெரிஞ்சு வச்சால் ஆட்டம் பார்க்கிறதே வேற மாதிரி ஆகிடும். மேலே எழும்பினவருக்கு, எழும்பின இடத்திலேயே இறங்க உரிமை இருக்கு. அவர் தரையை விட்ட பிறகு கீழே கால் வைக்கிறது தவறு. தூரத்திலயிருந்து எறியிற மூன்று புள்ளி ஒன்றைப் பார்க்கேக்க, எல்லாரும் பந்தோட போவாங்க. நீங்கள் தடுக்கிறவரின் காலைப் பாருங்க. நல்லா விளையாடுறவர் பக்கவாட்டில் விலகித்தான் இறங்குவார். நடுவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிப்பார்.

வளையத்துக்குக் கீழ திரும்பி வாற பந்துக்குப் போராடுறதில் இன்னும் கவனம் வேணும். எதிராளியை முதுகால தொட்டுக்கொண்டு, கால் அகட்டி நில்லுங்க. தொட்டிருந்தால் அவர் எங்கே நிக்கிறார் என்று தெரியும், உங்களுக்குக் கீழே வந்து நிக்கவும் மாட்டார்.

இறங்கிறதுக்குப் பயிற்சி இருக்கு. ரெண்டு காலும் தோள் அகலத்தில், விரல்நுனி முதலில், பிறகு குதி. முழங்கால் மடியவேணும், இடுப்பு கதிரையில் இருக்கப்போற மாதிரிப் பின்னுக்குப் போகவேணும். சரியாச் செய்யிறீங்களா என்று காதால கண்டுபிடிக்கலாம்: தரையில் 'டப்' என்று கேட்டால் பிழை. 10 தடவை, 3 சுற்று. போனை முன்னுக்கு வச்சுப் படம் எடுங்க. முழங்கால் ரெண்டும் உள்பக்கம் சாய்ஞ்சு ஒன்றையொன்று நெருங்கினால் அதைத் திருத்தாமல் போட்டிக்குப் போகாதீங்க. முழங்கால் நார் அறுகிறது அப்படித்தான், பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. வலைப்பந்து விளையாடுற தங்கச்சிமார் கட்டாயம் செய்யவேணும். பந்தைப் பிடிச்சதும் சடாரென்று நிற்கவைக்கிற விதி அங்க இருக்கே, அந்தப் பாரம் முழுக்க முழங்காலுக்குத்தான். கணுக்காலுக்குப் பல் தீட்டுற நேரமே போதும்: ஒற்றைக்காலில் 30 விநாடி, பிறகு மற்றக் கால். பழகினதும் கண்ணை மூடிச் செய்யுங்க.

ஓடுற சப்பாத்தோட ஆடாதீங்க. குதி உயரமா, மெத்தையா இருக்கும், பக்கவாட்டில் வெட்டித் திரும்பேக்க அதுவே உருட்டிவிடும். ஏற்கெனவே பிரண்ட காலென்றால், நாடா கட்டுற கணுக்கால் உறை திரும்பப் பிரளுறதைக் குறைக்கும்.

சரி, பிரண்டிட்டுது. ஆட்டத்தை நிறுத்துங்க. ஐஸைத் துவாயில் சுத்தி 15, 20 நிமிஷம். தோலில் நேரே வைக்கவேண்டாம். விரல் பக்கத்திலயிருந்து மேல்நோக்கிப் பண்டேஜ், விரல் நிறம் மாறினால் தளர்த்துங்க. காலை நெஞ்சைவிட உயர்த்துங்க. முதல் ரெண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம், உள்ள இரத்தக் கசிவு கூடும். முறிவு நெரிவு வைத்தியரிட்டப் போற எண்ணம் இருந்தாலும் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்திட்டுப் போங்க. நாலு அடி நடக்க ஏலாவிட்டால், மொளியின் பின்விளிம்பை அழுத்தேக்க எலும்பு நொந்தால், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கவேணும். திரும்ப விளையாட வரமுதல் அந்த ஒற்றைக்காலில் நோவில்லாமல் 10 தடவை துள்ளிக் காட்டுங்க.

தலையில் அடிபட்டு மயங்கினாலோ, தடுமாறினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிஞ்சுது. அதில் பேரம் இல்லை.

[திரையில்: துருப்பிடித்த ஆணி, மிகக் கிட்டத்தில்]

எங்கட ஊருக்கென்று ஒரு ஆபத்து உப்புக்காற்று. மூன்று பக்கமும் கடல் வச்ச ஊரில் திறந்தவெளி வளையத்தின் ஆணி எப்படி இருக்கும்? வெளியில பெயின்ட் நல்லா இருக்கும், உள்ள துரு தின்றிருக்கும். பலகையின் பின்பக்க ஆணிகள், கம்பத்தின் அடிப்பாகத்து ஒட்டு, ரெண்டையும் பாருங்க. வளையத்தில் தொங்கவே வேண்டாம். மோதிரத்தைக் கழட்டுங்க. வலை கொளுவிற கொக்கியில் மாட்டினால் விரல் தோல் மோதிரத்தோட வந்திடும். கடற்கரை மணல் சிமெந்தில் பரவினால் சறுக்கும், விளையாட முதல் ஒரு தும்புத்தடி போதும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேரே வரும். காலை எட்டரைக்கு முதல், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஆடுங்க. 15, 20 நிமிஷத்துக்கு ஒருக்கா அரைத் தம்ளர் தண்ணி. நல்லா வேர்த்தால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்). வெயிலில் ஒரு பிள்ளை உளறத் தொடங்கினால் முதலில் வாளித் தண்ணியை ஊற்றிக் குளிரவையுங்க, அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க.

[திரையில்: 1990]

கடைசியா இந்த எண். 1990 மார்ச் 4. ஹேங்க் கேதர்ஸ், லொயோலா மேரிமவுண்ட் அணியின் நட்சத்திரம். அதுக்கு முந்தின பருவத்தில் அமெரிக்காவிலேயே அதிக புள்ளியும் அவர்தான், அதிக ரீபவுண்டும் (வளையத்தில் பட்டுத் திரும்பி வாற பந்தைப் பிடிக்கிறது) அவர்தான். ஆட்டத்துக்கு நடுவில விழுந்தார், இறந்தார். வயது 23. இதயத் தசை நோய். சில நாளில் தேசியத் தொடர். அவரின்ட தோழன் போ கிம்பிள் வலக்கைக்காரர். கேதர்ஸ் தனி எறிவை (தவறுக்குக் கிடைக்கிற, ஒருவரும் தடுக்காத எறிவு) இடக்கையால எறிவார் என்று, தன்ட முதல் தனி எறிவை இடக்கையால எறிஞ்சார். உள்ள போச்சு. 11ஆம் தரத்தில் இருந்த அந்த அணி கடைசி எட்டு வரை போனது.

ஒருவரும் இடிக்காமல் ஒரு ஆள் விழுந்து, கூப்பிட்டால் அசையாவிட்டால், இதயம் நின்றிட்டுது என்றே எடுங்க. கை கால் இழுக்கும், வாயைத் திறந்து மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். வலிப்பு என்று நினைச்சுச் சாவிக்கொத்தைக் கையில் திணிச்சுக்கொண்டு நிக்கிற நிமிஷங்களில்தான் உயிர் போறது. ஒருவர் 1990க்கு அழைக்கட்டும், எங்கட சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணும் அதேதான், காசு இல்லை. மற்றவர் நெஞ்சின் நடுவில் ரெண்டு கையும் வச்சு 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்கவேணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. களைச்சால் ஆள் மாறுங்க, அமுக்கிறது நிற்கக்கூடாது. ஓடேக்க மயங்கின பிள்ளை, நெஞ்சு நோகுது என்ற பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உள்ள பிள்ளை: இவர்களுக்கு இசிஜி எடுக்காமல் அணியில் போடாதீங்க.

நாளைக்கு மைதானத்துக்குப் போனதும் கம்பத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. எந்த இடத்து மைதானம், ஆணி ஆடுதா இல்லையா என்று கீழே எழுதுங்க. பட்டியல் போடுவோம்.