காலடி நிலத்துக்கு மூன்று உரிமையாளர்கள்: பென்சில்வேனியாவின் நிலக்கரியும் நீரும்

அவையோருக்கு வணக்கம்.

நிலம் வாங்கும்போது பத்திரத்தில் நாம் நான்கு எல்லைகளைப் பார்க்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஐந்தாவதாகக் கீழேயும் பார்க்க வேண்டும். அங்கே ஒரே மனையின்மீது மூன்று சொத்துரிமைகள் உண்டு. மேற்பரப்பு ஒன்று, அடியிலுள்ள நிலக்கரி மற்றொன்று. மூன்றாவது, மேலே இருப்பதைக் கீழே இருப்பது தாங்கி நிற்க வேண்டும் என்னும் உரிமை. அதையும் தனியாக விற்கலாம்! நிலக்கரி நிறுவனங்கள் பல, மேற்பரப்பை மட்டும் மக்களுக்கு விற்றுவிட்டு மற்ற இரண்டையும் தம்மிடமே வைத்துக்கொண்டன. வீடு இறங்கினாலும் இழப்பீடு கேட்க மாட்டேன் என்று எழுதியும் வாங்கிக்கொண்டன.

அப்படி 1878இல் எழுதப்பட்ட ஒரு பத்திரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. குடியிருப்புகளை அமிழச் செய்யும் சுரங்கப் பணியைத் தடுக்க 1921இல் மாநிலம் கோலர் சட்டத்தை இயற்றியிருந்தது. 1922இல் நீதிபதி ஹோம்ஸ் அதைச் செல்லாது என்றார். ஒழுங்குமுறை எல்லை மீறினால் அது சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்பது அவர் வாதம். பொதுமக்களின் பாதுகாப்புக்கான கட்டுப்பாடு பறிமுதல் ஆகாது என்று நீதிபதி பிராண்டைஸ் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். என் மனம் பிராண்டைஸ் பக்கம்தான். ஆனால் சட்டக் கல்லூரிகளில் இன்றும் ஹோம்ஸின் வரிகளையே மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

1966இல் மாநிலம் மறுபடி முயன்றது. வீடுகள், பொதுக் கட்டடங்கள், கல்லறைகள் ஆகியவற்றின் அடியில் பாதி நிலக்கரியைத் தூணாக விட்டுவைக்க வேண்டும் என்று விதி வந்தது. இதனால் 2.7 கோடி டன் நிலக்கரி முடங்குகிறது என்று நிறுவனங்கள் வழக்காடின. அவர்களுடைய மொத்த இருப்பில் அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. 1987இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது.

நீதிமன்றத்தில் நின்ற அந்த விதிக்கு ஏழே ஆண்டுகளில் முடிவு வந்தது. காரணம் ஓர் இயந்திரம். 'லாங்வால்' முறையில், ஏறத்தாழ 300 முதல் 450 மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் உள்ள நிலக்கரிப் பாளத்தை ஒன்றுவிடாமல் சீவி எடுக்கிறார்கள். தூண் எதையும் விடுவதில்லை. கூரையைத் தாங்கும் நீரழுத்தத் தாங்கிகள் முன்னே நகர நகர, பின்னால் கூரை இடிந்து விழுகிறது. அது விபத்தன்று, திட்டமே அதுதான். இரண்டு மீட்டர் கனமுள்ள படலத்தை எடுத்தால், மேலே தரை ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. இம்முறைக்கு வழிவிட்டு 1994இல் சட்டம் 54 வந்தது. 'வீட்டுக்கு அடியில் தூணை விடு' என்ற கட்டளையின் இடத்தில், 'உடைத்தால் செப்பனிடு, அல்லது ஈடு கொடு' என்ற ஒப்பந்தம் அமர்ந்தது.

வீட்டைப் பொறுத்தவரை இந்த ஒப்பந்தத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. விரிசலைப் பார்க்கலாம், அளக்கலாம், கொத்தனாரை அழைக்கலாம். நீரின் கதை வேறு. கூரை இடிந்ததும் மேலுள்ள பாறை அடுக்குகள் முறிகின்றன. அதற்கும் மேலுள்ளவை வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. புதிய வெடிப்புகளுக்குள் நீர் இறங்கும்போது கிணற்றின் மட்டம் சட்டென்று தாழ்கிறது. மலைச்சரிவில் வழிந்த ஊற்று அங்கே வற்றி, கீழே வேறோர் இடத்தில் புறப்படலாம். சில கிணறுகள் மாதங்கள் கழித்து மீள்கின்றன, சில மீள்வதேயில்லை. மீண்டாலும், புதிதாக உடைந்த பாறையைக் கழுவி வந்த நீரில் இரும்பும் மாங்கனீசும் கூடியிருக்கலாம். ஆக, நீர் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

சட்டம் 54 இதை அறியாமல் எழுதப்பட்டதன்று. அதில் ஒரு நல்ல விதி உண்டு. நேரமிருந்தால் அதைப் பற்றி மட்டுமே பேசியிருப்பேன். நிலக்கரி எடுத்த பகுதியின் விளிம்பிலிருந்து செங்குத்துக்கு 35 பாகை சாய்வாக மேல்நோக்கி ஒரு கோடு வரைகிறார்கள். சுரங்கம் 200 மீட்டர் ஆழம் என்றால், அந்தக் கோடு தரையை ஏறத்தாழ 140 மீட்டர் தள்ளித் தொடும். அதற்குள் இருக்கும் கிணறு கெட்டால், சுரங்கமே காரணம் என்று சட்டம் ஊகிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. வேறு நீராதாரம் இல்லாத வீட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் தற்காலிக நீர் வந்தாக வேண்டும். நிலவியல் வல்லுநரை அமர்த்த வசதியில்லாத ஒரு விவசாயிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆனால் சுரங்கம் வரும் முன் கிணற்றை அளக்க நிறுவனத்தாரை உள்ளே விடாதவர், ஊகத்தின் பலனை இழக்கிறார். கோபத்தில் கதவைச் சாத்துபவரைச் சட்டமும் கைவிடுகிறது. ஆகவே எந்த ஊரிலும் அளக்க வருபவரைத் தடுக்காதீர்கள். கூடவே நீங்களும் அளந்து எழுதி வையுங்கள். மழைக்காலம், கோடைக்காலம் இரண்டுமே அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் உரிமை கோராவிட்டால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு உறுத்தும் பிரிவு இன்னொன்று: மூன்று ஆண்டுகளில் நீரை மீட்டுத்தர முடியாவிட்டால், உரிமையாளர் அதைத் தேர்ந்தால், நீர் கெடுவதற்கு முந்தைய சந்தை விலைக்குச் சொத்தையே வாங்கிக்கொண்டும் நிறுவனம் விலகலாம். பணம் கிடைக்கும், ஊர் காலியாகும்.

ஓடைகளுக்கு அந்த 35 பாகைக் கோடும் இல்லை. கிரீன் மாவட்டத்தில் ரயர்சன் ஸ்டேஷன் மாநிலப் பூங்காவில் டியூக் ஏரி என்று ஒன்று இருந்தது. 2005இல் அணையில் விரிசல் கண்டு, ஏரியை வடித்தார்கள். அருகில் நடந்த லாங்வால் பணியே காரணம் என்று மாநிலம் வழக்குத் தொடுத்தது, 2013இல் 3.6 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. பின்னர், நிலம் இன்னும் அசைவதால் அணையைத் திரும்பக் கட்டப் போவதில்லை என்று 2015இல் அரசே அறிவித்தது.

அதே பூங்காவின் போலன் ரன் ஓடைக்கு அடியில் சுரங்கம் தோண்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் மாநிலத்தின் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குப் போயின. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2017 ஜூலையில், மாநிலச் சட்டமன்றம் விதியைத் திருத்தியது: நிரந்தரப் பாதிப்பு இல்லை என்று கணிக்கப்பட்ட, திட்டமிட்ட தரை அமிழ்வைக் காட்டி மட்டும், நீர் மாசுபடும் என்று ஊகித்துவிடக் கூடாது. ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. புதிதாகவே கட்டியெழுப்ப வேண்டிய அளவுக்கு ஓடை சிதையும் என்று முன்பே தெரிந்திருந்தும் அனுமதி கொடுத்தது தவறு என்றது தீர்ப்பாயம். ஓடையின் பக்கம் நின்ற அந்தத் தீர்ப்பு வெளிவந்தபோது, அடுத்துவரும் ஓடைகளுக்கான விதி ஏற்கெனவே மாறியிருந்தது.