யானைக்கு வாக்குரிமை இல்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்த வெக்கையிலும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற திருகோணமலைச் சபையோருக்கும் வணக்கம். ‘நகரத்தின் குடிநீருக்காக வனப் பூங்காவை விட்டுக்கொடுக்கலாமா?’ என்பது தலைப்பு. கூடாது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் இரண்டு கேள்விகளைப் போட்டுவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். பிள்ளை தண்ணிக்கு அழும்போது யானைக்குப் புல் முக்கியமா என்பது ஒன்று. குளக்கோட்டன் மன்னன் கந்தளாய்க் குளம் கட்டியபோது காடு அழியவில்லையா என்பது மற்றது. இரண்டாவதற்குக் கைதட்டல் பலம். நானும் தட்டினேன்.

சரி, முதலாவதை எடுப்போம். அந்தக் கேள்விக்குள் ஒரு கள்ளம் ஒளிந்திருக்கிறது. பூங்காவை விட்டால் அந்தப் பிள்ளைக்குத் தண்ணி தர வேறு வழியே இல்லை என்று கேட்கும்போதே முடிவுகட்டிவிடுகிறார். இதே பேச்சைப் பேசித்தான் அமெரிக்காவில் ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடித்தார்கள்.

1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் பூமியதிர்ச்சி. பின்னாலேயே தீ. நாள்கணக்கில் நகரம் எரிந்தது, அணைக்கத் தண்ணீர் வரவில்லை. யொசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட அந்த நகரம் ஏற்கெனவே அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டிருந்தது. தீக்குப் பிறகு அதே கோரிக்கை மறுபடி வந்தது. இந்தமுறை நாட்டின் இரக்கமும் கூட வந்தது. ஆனால் தீ எரிந்த நாட்களில் நடந்தது என்ன? நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இருந்தது ஐயா! நிலம் ஆடியதில் குழாய்கள்தான் உடைந்துபோயின. உடைந்தது குழாய், தண்டனை பள்ளத்தாக்குக்கு.

காடுகளைக் காக்கப் பாடுபட்ட ஜோன் மியூரும் அவரோடு நின்றவர்களும் வருடக்கணக்கில் போராடிப் பார்த்தார்கள். 1913இல் இராணுவப் பொறியியலாளர் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. வேறு இடங்களிலிருந்தும் நகரத்துக்குப் போதிய தண்ணீர் எடுக்கலாம், ஆனால் ஹெட்ச் ஹெட்சிதான் மலிவு என்றது. கவனியுங்கள், ஒரே வழி என்று சொல்லவில்லை, மலிவான வழி என்றுதான் சொன்னது. அந்த வருடம் டிசம்பரில் ஜனாதிபதி வில்சன் கையெழுத்து வைத்தார். அணை 1923இல் எழுந்தது. அந்தத் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேர்ந்தது 1934இல். தீ அணைந்து 28 வருடம்! அழுத பிள்ளைக்கு அப்போது கல்யாணமாகியிருக்கும்.

ஏன் மலிவு? பூங்கா அரசாங்கக் காணி. நட்டஈடு கேட்டு வாசலில் நிற்க ஆள் குறைவு. யானைக்கும் கரடிக்கும் வாக்குரிமை இல்லை, மனுக் கொடுக்கவும் தெரியாது. அதனால்தான் எந்த நாட்டிலும் வரைபடத்தை விரித்தவுடன் பேனா பூங்காப் பக்கம் சாய்கிறது. நம் நாட்டிலும் சாய்ந்தது. சிங்கராஜ வனம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய காடு. அதற்குள் நீர்த்தேக்கம் கட்டி அம்பாந்தோட்டைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகலாம் என்று 2021இல் பேச்சு எழுந்ததையும், அதற்கு வந்த எதிர்ப்பையும் இந்தச் சபையில் பலர் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள்.

‘பிறகு சரிசெய்து கொள்ளலாம்’ என்றும் அண்ணன் சொன்னார். ஹெட்ச் ஹெட்சியை மீட்க ஒரு திட்டம் தீட்டலாமா என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளரிடம் கேட்டார்கள். திட்டம் தீட்டத்தான், அணையை உடைக்க அல்ல. நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேண்டாம் என்று போட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். குடித்துப் பழகிய தண்ணீரை யார் விடுவார்?

அப்புறம், யானைப் புல். நாம் குடிப்பது கந்தளாய்த் தண்ணீர். கந்தளாய்க்கு மின்னேரியாப் பக்கமிருந்து கால்வாய் வருகிறது. அந்த மின்னேரியாவில் வறட்சிக் காலத்தில் குளம் வற்ற வற்றப் புல் முளைக்கும், அதைத் தின்ன நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு வறட்சியிலும் குளத்தை நிரப்பி வைத்ததில் புல்வெளி நீருக்குள் போன வருடங்கள் உண்டு. அந்தத் திட்டம் குடிநீருக்காக மட்டும் வந்ததல்ல, வயலும் மின்சாரமும் அதில் இருக்கின்றன. நியாயமாகப் பேச வேண்டும். ஆனால் புல் கிடைக்காத யானை பட்டினியாகப் படுத்துக்கொள்ளாது. ஊருக்குள் வரும், வாழையைப் பிடுங்கும், வேலியையும் மனிதனையும் மிதிக்கும். புல் யானைக்கு மட்டும் முக்கியமா அண்ணே?

குளக்கோட்டனுக்கு வருகிறேன். கர்ணபரம்பரைக் கதைப்படியே எடுத்துக்கொள்வோம்; கோணேசர் கோயிலுக்கும் வயலுக்குமாகக் கட்டினான். அன்றைக்குக் காடு எல்லை தெரியாமல் கிடந்தது. இன்றைக்கு மிச்சம் இவ்வளவுதான் என்று அளந்து வர்த்தமானியில் போட்டு வைத்திருக்கிறோம். அதிலும் நம் பழைய குளக்காரர்கள் குளத்துக்கு மேற்புறம் மரங்களை வெட்டாமல் விட்டார்கள், மண் கரைந்து வந்து குளம் தூர்ந்துவிடும் என்பதற்காக. நியூயோர்க் இதை 1997இல் பெரிய ஒப்பந்தமாகப் போட்டது. கோடிகோடியாகக் கொட்டி வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, தண்ணீர் வந்து சேரும் மலைப்பக்கத்துக் காட்டையும் காணியையும் காப்பது இலாபம் என்று கணக்குப் பார்த்தார்கள். (முன்பு ஊர்களை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டிய நகரமும் அதுதான், மறைக்கவில்லை.)

தம்பி மணியில் கைவைத்துவிட்டார், முடிக்கிறேன். நாடு முழுவதும் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் ஏறக்குறைய கால் பங்குக்குக் காசு வருவதில்லை, கசிவும் களவும். நமக்கு மழை சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது, அதில் பெரும்பகுதி கூரையிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து கடலுக்கும் ஓடுகிறது. இருக்கிற அணையைப் பேணுவதும் குடிநீர் வேலைதான். 1986 ஏப்ரலில் கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டத்துக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. கசிகிற குழாய், தூர்ந்த குளம், கடலுக்குப் போகும் மழை. இந்த மூன்று கணக்கையும் மேசையில் வைக்காமல் பூங்கா எல்லைக்குள் அளவுச் சங்கிலியோடு யாரும் நுழையக் கூடாது என்பதே எங்கள் அணியின் கோரிக்கை. அடுத்துப் பேசவிருக்கிற எதிரணித் தங்கச்சி குழாய்க் கணக்கிலிருந்தே தொடங்கட்டும், கேட்கக் காத்திருக்கிறோம். வணக்கம்.