வண்டுக்காக உழுத நிலம்: விளைச்சலை எந்த நாளில் அளப்பது?

வணக்கம். இன்றைய பதிவை ஒரே ஒரு மக்காச்சோள மணியிலிருந்து தொடங்குகிறேன். கேமராவுக்கு மிக அருகில் கொண்டு வருகிறேன், உற்றுப் பாருங்கள். மணியின் பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை தெரிகிறது. கூன்வண்டு இந்தத் துளை வழியாக உள்ளே போகவில்லை; இதன் வழியாக வெளியே வந்திருக்கிறது. தாய் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் நுண்ணிய குழி ஒன்றைக் குடைந்து, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற பொருளால் அதன் வாயை மூடிவிடுகிறது. வெறும் கண்ணால் அந்த அடைப்பைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். புழு உள்ளேயே இருந்து மாவைத் தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வெப்பமான சூழலில் ஏறக்குறைய ஐந்து வாரங்களில் வண்டாக வெளியேறுகிறது. ஆகவே, துளை நம் கண்ணில் படும்போது அந்த மணிக்கு வரவேண்டிய சேதமெல்லாம் வந்து முடிந்திருக்கும். இப்போது நகத்தால் அழுத்துகிறேன்: மேல்தோல் அப்படியே உள்ளே அமிழ்கிறது, மாவு தூளாக உதிர்கிறது.

இந்த மணி விளைவதற்கும் நிலம் தேவைப்பட்டது, நீர் தேவைப்பட்டது, உரமும் உழைப்பும் தேவைப்பட்டன. பத்து ஹெக்டேரில் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு கிடங்கில் உளுத்துப் போனால், அதில் ஒரு ஹெக்டேரை நாம் வண்டுக்காகவே உழுதிருக்கிறோம் என்றுதான் பொருள். உலக நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 500 கோடி ஹெக்டேர், பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடைக்குப் பிறகு சில்லறைக் கடையை எட்டுவதற்கு முன்பே உலக உணவில் மதிப்பளவில் சுமார் 14 விழுக்காடு இழக்கப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனி அறிக்கைகளில் படிப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. ஒன்றை நிலப் பயன்பாட்டு ஆய்வாளர்களும் மற்றொன்றைச் சேமிப்பு ஆய்வாளர்களும் பேசுகிறார்கள். புதிய ரகங்களை உருவாக்கும் பயிர் இனவிருத்தியாளர்கள் மூன்றாவது அறையில் இருக்கிறார்கள். இவர்கள் மூவரும் ஒரே மணியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

முதலில் இழப்பை அளக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் பல தவறான முடிவுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மூட்டையை வைக்கும்போது ஒரு முறையும் எடுக்கும்போது ஒரு முறையும் எடை போட்டால் இழப்பு தெரிந்துவிடும் என்று தோன்றும். ஆனால், வண்டு தின்று கழித்த தூள் மூட்டைக்குள்ளேயே கிடக்கிறது. ஈரமான பருவத்தில் தானியம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கனமாகிறது. தின்ற அளவை இவை இரண்டும் மறைத்துவிடுவதால், உள்ளே பாதி மணிகள் சொத்தையாக இருந்தாலும் தராசு பெரிய மாற்றம் எதையும் காட்டாமல் போகலாம். அதனால் ஆய்வாளர்கள் மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, தூளைச் சலித்து நீக்கி, சொத்தை மணிகளையும் நல்ல மணிகளையும் பிரித்து எண்ணி, இரண்டையும் தனித்தனியே எடை போடுகிறார்கள். ஒரு நல்ல மணியின் சராசரி எடையோடு ஒரு சொத்தை மணியின் சராசரி எடையை ஒப்பிட்டு, சொத்தையின் பங்கைக் கொண்டு மொத்த இழப்பைக் கணக்கிடுகிறார்கள். பொறுமை வேண்டிய வேலைதான் என்றாலும், ஒரு தராசும் ஒரு சல்லடையும் இருந்தால் யாரும் செய்யக்கூடியது.

இப்போது ரகங்களுக்கு வருவோம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் பல இடங்களுக்கு வந்தபோது வயலில் விளைச்சல் உயர்ந்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், விளைச்சலை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் இரண்டு பண்புகள் நழுவிப் போயின. பழைய ரகங்கள் பலவற்றில் கதிரின் நுனியைத் தாண்டி மடல் இறுக மூடியிருக்கும். நீண்டு பருத்த புதிய கதிர்கள் சிலவற்றில் நுனி மடலை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மக்காச்சோளக் கூன்வண்டு கிடங்கிலிருந்து பறந்து வந்து, அறுவடைக்கு முன்பே நிற்கும் பயிரில் முட்டையிடும் பழக்கம் உடையது. திறந்த நுனி அதற்கு வாசலாகிவிடுகிறது. இரண்டாவது பண்பு மணியின் கடினம். மாவுத்தன்மை மிகுந்த மென்மையான மணியைக் குடைவது எளிது, கண்ணாடி போல் இறுகிய மணியைக் குடைவது கடினம். மணியின் மேல்தோலில் ஃபெருலிக் அமிலம் போன்ற பொருள்கள் செல்சுவர்களைக் குறுக்காகப் பிணைத்து இறுக்குகின்றன என்பதும், அவை மிகுந்த ரகங்களில் வண்டின் பெருக்கம் குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கின்றன. மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையம் இத்தகைய எதிர்ப்புத்திறனை விளைச்சலோடு சேர்த்தே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. இரண்டும் ஒரே செடியில் அமைய முடியும் என்பதை இந்த முயற்சிகள் காட்டுகின்றன.

தட்டைப்பயறில் கதை சற்று வேறு. நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் ஆயிரக்கணக்கான பயறு மாதிரிகளைச் சோதித்ததில், டிவியு 2027 என்ற ஒரு மாதிரி பயறு வண்டை ஓரளவு தாங்கியது. வண்டு அதிலும் முட்டையிடுகிறது. ஆனால் புழுக்களில் பல உள்ளேயே மடிகின்றன, பிழைப்பவை வெளியேற நெடுநாள் எடுத்துக்கொள்கின்றன. இதை முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆயினும் தலைமுறைக்குத் தலைமுறை பல மடங்காகப் பெருகும் ஒரு பூச்சிக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் சில வாரங்கள் தாமதம் ஏற்பட்டால் கிடங்கின் கணக்கே மாறிவிடும். அப்படி ஒரு மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அதைச் சோதிக்க முடிந்தது. விதை வங்கியின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் புரிகிறது.

புதிய பூச்சி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா ஒரு சான்று. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெரிய தானியத் துளைப்பான், 1970-களின் இறுதியில் தான்சானியாவுக்குள் புகுந்தது. கதிரோடு சேமிக்கும் பழைய முறை அதற்கு மிகவும் வசதியாக அமைந்ததால், விவசாயிகள் மணியை உதிர்த்துச் சேமிக்கும் முறைக்கு மாற வேண்டியிருந்தது.

சேமிப்பில் முதல் விதி உலர்த்துவதுதான். இதோ, ஈரப்பதமானி இல்லாதவர்களுக்கான சோதனை. நன்கு காய்ந்த கண்ணாடிக் குடுவையில் கைப்பிடி தானியமும் சிறிது உலர்ந்த உப்பும் போட்டு மூடிக் குலுக்குகிறேன், சில நிமிடங்கள் விட்டுப் பார்க்கிறேன். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் என்று கொள்ளலாம். இந்தக் குடுவையில் ஒட்டியிருக்கிறது, பாருங்கள். ஆகவே இதை இன்னும் காய வைக்க வேண்டும். ஒட்டாவிட்டாலும் 13 விழுக்காடு வரை காய்வது நல்லது, ஏனெனில் ஈரம் மிகுந்தால் பூஞ்சாணமும் அதோடு அஃப்ளாடாக்சின் என்னும் நச்சும் வரும். விதைக்காக வைப்பவர்களுக்கு, விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன விதி உண்டு: ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

காய்ந்த பிறகு காற்றை அடைக்க வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி முர்டாக்கும் அவருடைய குழுவினரும் 1980-களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூவடுக்குப் பையில், இரண்டு தடித்த பாலித்தீன் உறைகளும் வெளியே ஒரு நெய்த சாக்கும் இருக்கும். உள்ளே இருக்கும் வண்டுகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. உலர்ந்த தானியத்தில் வாழும் இந்தப் பூச்சிகள், தின்னும் மாவை ஆக்சிஜனைக் கொண்டு எரித்தே தமக்குத் தேவையான நீரில் பெரும்பகுதியைப் பெறுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் தின்பதை நிறுத்தி, நாளடைவில் உடல் வறண்டு மடிகின்றன. மருந்தே தேவைப்படாத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பையில் ஒரு கிழிசல் விழுந்தால் பலன் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இழப்பு குறைந்தால் காடு தானாகத் திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. மிச்சமான தானியத்தால் வருவாய் கூடி, அதைக் கொண்டு மேலும் நிலத்தை உழுபவர்களும் இருக்கக்கூடும். நிலத்தை விட்டுவைக்க அதற்கென்று தனி விதிகள் வேண்டும். ஆனால், புதிய ரகத்தை வெளியிடும் ஆய்வாளர்களிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்கிறேன்: அறுவடை நாளின் எடைக்குப் பக்கத்தில், ஆறு மாதச் சேமிப்புக்குப் பின் எஞ்சிய எடையையும் ஒரு வரியாக அச்சிடுங்கள்.

இந்த மேசையில் இரண்டு குடுவைகள் இருக்கின்றன. ஒன்றில் கடின மணி ரகம், மற்றொன்றில் மென்மணி ரகம். இரண்டையும் ஒரே அளவுக்குக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் இருபது கூன்வண்டுகளை விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து உங்கள் முன்னாலேயே சலித்து, எண்ணி, எடை போடுகிறேன்.