பெற்ற தாய்க்கும் ஒரு வழக்கறிஞர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் பிறக்கும் குழந்தையை, தத்தெடுப்பு நிறுவனம் எதுவும் இடையில் இல்லாமல், பெற்ற தாயே தேர்ந்தெடுத்த வேறொரு மாநிலத்துத் தம்பதியர் தத்தெடுப்பது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். டெக்சாஸில் பிறந்த மகளை நியூயார்க்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தவள் நான். அதில் வழக்கறிஞரை அமர்த்துவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாங்கள் தடுமாறியது அங்கேதான்.

நாங்கள் முதலில் அணுகியவர் வீட்டுப் பத்திரங்களைப் பார்ப்பவர். இரு தரப்புக்கும் தானே எழுதித் தருவதாகவும், அதனால் செலவு குறையும் என்றும் அவர் சொன்னபோது மகிழ்ச்சியோடு தலையாட்டினோம். பெற்றவர்களுக்கும் தத்தெடுப்பவர்களுக்கும் ஒரே வழக்கறிஞர் பணிபுரிவதை நியூயார்க் சட்டம் தடுக்கிறது என்பதும், குழந்தை கைக்கு வருமுன்பே நீதிமன்றத்தில் நாங்கள் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதும் வேறொருவர் எடுத்துச் சொன்ன பிறகே தெரிந்தன. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற மாநிலங்களில் நிறுவனம் இல்லாத தத்தெடுப்பே செல்லாது. ஆகவே வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தைப் பற்றி அல்ல. மாநில எல்லை கடந்த தத்தெடுப்பை அவர் எத்தனை முறை நடத்தியிருக்கிறார் என்பதைத்தான்.

குழந்தை பிறக்கும் மாநிலத்தில் தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும், ஏனெனில் பெற்ற தாயின் சம்மதம் எப்போது செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸில் பிறந்து 48 மணி நேரம் கழிந்த பின்பே கையெழுத்து வாங்கலாம். மாசசூசெட்ஸில் நான்காம் நாள் வரை காத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு வெளியே தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற 45 நாள் அவகாசம் உண்டு. 1991இல் ஐயோவாவில் பிறந்த ஒரு பெண் குழந்தையை மிச்சிகன் தம்பதியர் எடுத்துச் சென்றார்கள். தாயின் கையெழுத்தோ, ஐயோவா சட்டம் விதித்த 72 மணி நேரத்துக்கு முன்பே வாங்கப்பட்டிருந்தது, தந்தை என்று காட்டப்பட்டவரும் உண்மையான தந்தை அல்லர். வழக்கு இரு மாநில நீதிமன்றங்களிலும் அலைந்து முடிந்த 1993இல், இரண்டரை வயதுக் குழந்தை, அதுவரை அம்மா அப்பா என்று அழைத்தவர்களை விட்டுப் பெற்றவர்களிடம் போனது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தந்தையின் உரிமையைத் தேடிப் பார்ப்பதும் குழந்தை பிறக்கும் மாநிலத்து வழக்கறிஞரின் வேலைதான். திருமணமாகாத தந்தை தன் உரிமையைப் பதிவு செய்ய டெக்சாஸில் குழந்தை பிறந்து 31 நாள் வரை அவகாசம் உண்டு. தாயின் வாடகை, உணவு போன்றவற்றுக்குப் பணம் தரலாமா என்பதையும் அவரிடம் கேட்காமல் ஒரு டாலர்கூடத் தராதீர்கள். வரம்பு மீறினால் அது குழந்தையை விலைக்கு வாங்கிய குற்றமாகக் கருதப்படலாம்.

50 மாநிலங்களும் ஏற்றிருக்கும் மாநிலங்களுக்கிடையிலான குழந்தை ஒப்படைப்பு ஒப்பந்தத்தின்படி, இரு மாநில அலுவலகங்களும் ஒப்புதல் தரும்வரை குழந்தையோடு எல்லை தாண்டக் கூடாது. இரு வழக்கறிஞர்களும் காகிதங்களை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சரிபார்த்திருந்ததால் ஒப்புதலுக்காக டெக்சாஸில் காத்திருந்த எங்கள் விடுதி வாசம் ஒன்பது நாளில் முடிந்தது. ஒரு சான்றிதழ் விடுபட்டிருந்தால் அது இன்னும் நீண்டிருக்கும்.

மூன்றாவது வழக்கறிஞர், பெற்ற தாய்க்கானவர். அவருடைய கட்டணத்தையும் நாம்தான் தருகிறோம், ஆனால் அவர் நமக்காகப் பேச மாட்டார். கலிபோர்னியாவில், பெற்றவர்கள் தனி வழக்கறிஞரை வைத்துக்கொண்டால், வேறு உடன்பாடு இல்லாதவரை 500 டாலர் வரையான கட்டணத்தைத் தத்தெடுப்பவர்கள் ஏற்க வேண்டிவரலாம் என்றே சட்டம் இருக்கிறது. இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்களை நான் மனமார வேண்டிக்கொள்கிறேன்: தவிர்க்காதீர்கள். பெற்ற தாய் அறிந்தே தந்த சம்மதம்தான் குழந்தையைக் காக்கும்.

எங்கள் மகள் பிறந்த மூன்றாம் நாள் காலையில், அந்த வழக்கறிஞர் எங்களை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். பத்திரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, இப்போதும் மறுக்கலாம் என்று பெற்ற தாயிடம் சொன்னதாகப் பிறகு அறிந்தோம். கதவு மூடியிருந்த ஒரு மணி நேரமும் நானும் என் கணவரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் கூடாது.