சைவம் மரபணுவில் இருக்கிறதா?

அவையோர்க்கு வணக்கம்.

ஒருவர் சிரமமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சைவமாக இருக்கிறார். இன்னொருவர் ஆறே மாதத்தில் களைத்துப்போய் மீண்டும் இறைச்சிக்குத் திரும்புகிறார். இதை மன உறுதிக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் ‘சைவ மரபணு’ என்று தனியாக ஒன்று கிடையாது.

இதை ஆராய்வதில் முதல் சிக்கல், யார் சைவர் என்பதே. ‘நான் சைவம்’ என்று சொல்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், உண்டதைப் பட்டியலிடச் சொன்னால் மீனையோ கோழியையோ எழுதுகிறார்கள்! அதனால் 2023இல் வெளியான ஆய்வு, பிரிட்டன் மக்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் யுகே பயோபேங்க் தரவிலிருந்து ஓராண்டாவது இறைச்சி, மீன் எதையும் தொடாத 5,324 பேரை மட்டும் எடுத்து, சைவரல்லாத 3,29,455 பேரோடு ஒப்பிட்டது. கண்டிப்பான புள்ளியியல் வரம்பைத் தாண்டியது 18ஆம் குரோமோசோமில் ஒரே ஓர் இடம். அங்கே இருக்கும் என்பிசி1 மரபணுவின் வேலை, செல்லுக்குள் கொழுப்பை இடம் மாற்றுவது. இறைச்சியில் உள்ள ஏதோ ஒரு கொழுப்பைச் சிலர் உடல் தானே போதிய அளவு செய்துகொள்வதில்லையோ என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம்தான், நிரூபணம் அல்ல. பங்கேற்றவர்கள் அனைவரும் வெள்ளையர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடத் தெளிவான சான்று, உண்டதை உடல் எப்படி மாற்றுகிறது என்பதில் கிடைக்கிறது. ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம், மூளைக்குத் தேவையான நீண்ட வடிவத்தில் இல்லை. அதை நீட்டும் நொதிகளை உண்டாக்குபவை ஃபேட்ஸ்1, ஃபேட்ஸ்2 மரபணுக்கள். அங்கே டிஎன்ஏவின் 22 எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தால், அதாவது ஒரு ‘செருகல்’ இருந்தால், வேலை விரைவாக நடக்கும். புனேயின் சைவர்களிடம் 68 விழுக்காட்டினருக்கு தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதிகளிலும் அந்தச் செருகல் இருந்தது. ஒப்பிடப்பட்ட அமெரிக்கர்களிடம் 18 விழுக்காடுதான். ‘செருகல் இருப்பவர்தான் சைவரானார்’ என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தெற்காசியர்களிடம் பொதுவாகவே அது மிகுதி. தலைமுறை தலைமுறையாகத் தாவர உணவு உண்டதால் இந்த வடிவம் பெருகியிருக்கலாம்.

இந்தச் செருகலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே நொதிகள்தான் ஒமேகா-6ஐயும் நீட்டி, அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கு மூலமான அரக்கிடோனிக் அமிலமாக்குகின்றன. சூரியகாந்தி எண்ணெய் போன்ற ஒமேகா-6 மிகுந்த எண்ணெய்களைத் தாராளமாக ஊற்றினால், ஒமேகா-3க்கு நொதியில் இடம் கிடைக்காது. செருகல் இல்லாதவர்கள் ஆளி விதையை மட்டும் நம்பாமல் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ (நீண்ட வடிவ ஒமேகா-3) எண்ணெயை நாடலாம்.

வைட்டமின் ஏ கதையும் இப்படித்தான். கேரட்டின் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக்கும் நொதிக்குரிய மரபணுவில் இரண்டு குறிப்பிட்ட மாறுபாடுகளும் சேர்ந்து வந்தால், மாற்றும் திறன் 69 விழுக்காடு குறைவதாகப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பால், முட்டை உண்பவருக்கு ஆயத்த வைட்டமின் ஏ கிடைத்துவிடும். அவற்றையும் விலக்கியவருக்குத்தான் கவலை. கேரட்டைப் பச்சையாகக் கடிப்பதைவிட வேகவைத்துச் சிறிது எண்ணெயோடு உண்டால் உறிஞ்சுதல் கூடும்.

வைட்டமின் பி12இல் மட்டும் எந்த மரபணுவும் கைகொடுக்காது. தாவரங்களில் அது நம்பத்தக்க அளவில் இல்லை. கல்லீரல் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை தாமதமாகவே தெரியும். கீரைகளில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் மிகுதி. அது பி12 குறையால் வரும் இரத்தசோகையை மறைத்துவிட, நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். பால், முட்டையும் உண்ணாதவர்களுக்கு நாள்தோறும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் 2,000 மைக்ரோகிராம் மாத்திரை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிப்பதைவிட இரத்தப் பரிசோதனை பயன் தரும் என்பது என் கருத்து. பி12 அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பாருங்கள். இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின் பாருங்கள். ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது அது கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். உடல் தேறிய பிறகே இரத்தம் கொடுங்கள்.